முதுகில் போட்ட ஊசிக்கு இரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது?

கேள்வி: சிசேரியனுக்காக என் மகளுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டதும் இரத்த அழுத்தம் இறங்கிக் குமட்டியதாம். மரத்தது கால்தானே, பிறகு ஏன்?

பதில்: தண்டுவட நீரில் கலக்கும் மருந்து, வலி நரம்புகளோடு, இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளையும் அடக்கிவிடுவதால், குழாய்கள் தளர்ந்து, இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் சரிகிறது, நிறைமாத வயிறு, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவது அதைக் கூட்டும். குமட்டல் பெரும்பாலும் அந்தச் சரிவின் அறிகுறியே. பயத்தால் வந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது. மரப்பு மேல்மார்பு வரை ஏறினால், இதயத்தை முடுக்கும் நரம்புகளும் அடங்கி, நாடித்துடிப்பு குறையக்கூடும். அதனால்தான் தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, சலைன் ஏற்றி, ஃபினைல்எஃப்ரின் போன்ற, குழாயைச் சுருக்கும் மருந்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். முழு மயக்கத்துக்கான புரோபோஃபாலும் அழுத்தத்தை இறக்கும். கெட்டமைன் என்ற இன்னொரு மயக்க மருந்தோ பரிவு நரம்புகளைத் தூண்டி, பொதுவாக அதை ஏற்றிவிடும்.