பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ் சர்வர் அமைத்தல்: கேள்வி பதில்

எம்ஐடி நூலகங்களும் ஹியூலெட்-பக்கார்ட் ஆய்வகமும் இணைந்து 2002 நவம்பரில் வெளியிட்ட டிஸ்பேஸ், இன்று பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் சேமித்து வைக்கப் பரவலாகப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவும் இதன்மீதுதான் இயங்குகிறது. 2021 ஆகஸ்டில் வந்த 7ஆம் பதிப்பில், பழைய இரண்டு இடைமுகங்களும் நீக்கப்பட்டு, ஆங்குலரில் எழுதப்பட்ட, வாசகர் பார்க்கும் முகப்பும், ஸ்பிரிங் பூட்டில் எழுதப்பட்ட, தரவைக் கையாளும் பின்தளமும் தனித்தனி நிரல்களாகப் பிரிந்துவிட்டன. நூலகர்களும் கணினி நிர்வாகிகளும் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையிலிருந்தே பிறக்கின்றன என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, 7ஆம் பதிப்பை நிறுவிவிட்டோம். முகப்புப் பக்கம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே போக முடியவில்லை. உலாவியின் கன்சோலில் 'இன்வேலிட் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன்' என்று வருகிறது. இப்போதைக்கு வளாகத்தின் உள் ஐபி முகவரியில், எச்டிடிபியில்தான் இயக்குகிறோம். (பொறியியல் கல்லூரி கணினி நிர்வாகி)

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது. முகப்பு, பின்தளத்துடன் பேசும்போது, கோரிக்கை போலியல்ல என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை ஒரு குக்கியாகப் பெற்றுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் குக்கியைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே இன்றைய உலாவிகள் ஏற்கின்றன. லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் சர்வரிலேயே உட்கார்ந்து சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது போலவும், அடுத்த அறைக் கணினியிலிருந்து பார்த்தபோது கெட்டுவிட்டது போலவும் தோன்றுகிறது. சோதனைக்கால சர்வராக இருந்தாலும் முதலில் ஒரு டொமைன் பெயரும் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, பின்தளத்தின் கட்டமைப்புக் கோப்பான லோக்கல்.சிஎஃப்ஜியில் உள்ள இரண்டு முகவரிகளைப் பாருங்கள். டிஸ்பேஸ்.சர்வர்.யுஆர்எல் என்பது பின்தளத்தின் முகவரி, டிஸ்பேஸ்.யுஐ.யுஆர்எல் என்பது முகப்பின் முகவரி. வாசகர் தம் உலாவியில் தட்டும் அதே எழுத்துகள், எச்டிடிபிஎஸ் உட்பட, இங்கே இருக்க வேண்டும். கடைசியில் சாய்கோடு வேண்டாம். எந்த முகப்பிலிருந்து வரும் கோரிக்கையை அனுமதிக்கலாம் என்பதைப் பின்தளம் இரண்டாவது முகவரியை வைத்தே முடிவு செய்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அது அந்நியக் கோரிக்கையாகிவிடும். முகப்பின் கட்டமைப்புக் கோப்பிலும் பின்தளத்தின் பெயர், போர்ட், '/சர்வர்' என்ற பாதை ஆகிய மூன்றும் இதனுடன் ஒத்துப்போக வேண்டும்.

இவ்விரண்டுக்கும் முன்னால், கோரிக்கைகளைப் பெற்றுப் பிரித்தனுப்ப அப்பாச்சி சர்வரை வைத்திருந்தால், '/சர்வர்' பாதையை 8080 போர்ட்டில் பின்தளத்தை இயக்கும் டாம்கேட்டுக்கு அனுப்பும் வரி, மற்றவற்றையெல்லாம் 4000 போர்ட்டில் முகப்பை இயக்கும் நோடுக்கு அனுப்பும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். அப்பாச்சி அவற்றை எழுதிய வரிசையிலேயே பொருத்திப் பார்க்கும். வெளியே எச்டிடிபிஎஸ் என்ற செய்தியைப் பின்தளத்துக்குச் சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ' தலைப்பையும் சேர்க்க மறக்காதீர்கள். எல்லாம் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு: பின்தளத்தின் முகவரியை நேரடியாக உலாவியில் திறந்து, அங்கே பட்டியலிடப்படும் இணைப்புகள் எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அவை எச்டிடிபி என்று தொடங்கினால், கோளாறு டிஸ்பேஸில் இல்லை. அப்பாச்சியின் அமைப்பில் இருக்கிறது.

கேள்வி: வளாகத்துக்கு வெளியே இருந்து பின்தளத்தின் முகவரி திறக்கிறது. ஆனால் நோட் தொடங்கும்போது மட்டும் பின்தளத்தை அடைய முடியவில்லை என்று பிழை காட்டுகிறது. இரண்டும் ஒரே கணினியில்தான் உள்ளன.

பதில்: முகப்பு, முதல் பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கித் தருகிறது. அதற்காக அது பின்தளத்தை வெளி முகவரி வழியாகவே அழைக்கும். பல வளாகங்களின் ஃபயர்வால், உள்ளிருந்து புறப்பட்டுத் தன் வெளி ஐபிக்கே திரும்பி வரும் போக்குவரத்தை அனுமதிப்பதில்லை. சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த டொமைன் பெயரை உள் ஐபிக்குச் சுட்டிவிட்டால் போதும். 7ஆம் பதிப்பில் 'யார்ன் டெஸ்ட்:ரெஸ்ட்' என்ற கட்டளை இந்த இணைப்பைச் சோதித்துச் சொல்லும். சான்றிதழை நம்ப மறுக்கிறது என்று அது சொன்னால், இடைநிலைச் சான்றிதழ் சங்கிலியை அப்பாச்சியில் முழுமையாகச் சேர்க்கவில்லை என்று பொருள்.

கேள்வி: 8 ஜிபி நினைவகம் போதுமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் டாம்கேட், தேடல் மென்பொருளான சோலர், தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், நோட் ஆகிய நான்கும் ஒரே கணினியில் இருந்தால் 16 ஜிபியே நிம்மதி தரும் என்பது என் கருத்து. நோடை இயக்கி நிர்வகிக்கும் பிஎம்2வில் செயலியின் ஒவ்வொரு கோருக்கும் ஒரு நோட் என்று அமைத்துவிட்டு, நினைவகம் தீர்ந்து சோலர் விழுவதைப் பலர் சந்திக்கிறார்கள். எண்ணிக்கையை நீங்களே குறிப்பிட்டுக் கட்டுப்படுத்துங்கள். சோலரின் 8983 போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் தமிழ்த்துறை ஆய்வேடுகளைத் தலைப்பால் தேடினால் கிடைக்கின்றன. உள்ளே உள்ள சொல்லால் தேடினால் ஒன்றும் வருவதில்லை. ஆங்கில ஆய்வேடுகளில் வருகிறது. சர்வரில் தமிழுக்கென்று ஏதேனும் அமைக்க வேண்டுமா? (இலங்கையிலிருந்து ஒரு பல்கலைக்கழக நூலக உதவியாளர்)

பதில்: இந்தக் கேள்வியை ஒவ்வொரு தமிழ் நூலகரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் ஆய்வேடுகள் இணையத்தில் இருந்தும் இல்லாதவைபோல் கிடப்பதற்கு இதுவே முதற்காரணம்.

முதலில் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து, வெறும் உரைத் தொகுப்பியில் ஒட்டிப் பாருங்கள். ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடாக இருந்தால், 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது அதுவன்று. டிஸ்பேஸின் 'ஃபில்டர்-மீடியா' பணி உள்ளே இருப்பதையே பிரித்தெடுத்துச் சோலருக்குக் கொடுக்கிறது. எனவே எந்தச் சர்வர் அமைப்பும் இதைச் சரிசெய்யாது. பழைய கோப்புகளுக்கு, டெசராக்டின் தமிழ்த் தரவைப் பயன்படுத்தி எழுத்துணரி மூலம் புதிய உரை அடுக்கை உருவாக்குவதே வழி. 'ஓசிஆர்மைபிடிஎஃப்' என்ற கருவியில் 'ஃபோர்ஸ்' விருப்பத்தைக் கொடுத்தால், பழைய தவறான உரையை நீக்கிவிட்டுப் புதியதை எழுதும். அப்போது பக்கங்கள் படங்களாக மாறிவிடுவதால் மூலக் கோப்பையும் தனியே காத்து வையுங்கள். இனி வரும் ஆய்வேடுகளை ஒருங்குறியில் மட்டுமே பெறுவது என்று பல்கலைக்கழகம் விதி செய்துவிட்டால், இந்த வேலை ஒரு காலத்தில் முடிவுக்கு வரும்.

கோப்பு ஒருங்குறியில் இருந்தும் பிற்பகுதிச் சொற்கள் மட்டும் கிடைக்கவில்லை என்றால், அது சர்வர் அமைப்பின் குறைதான். ஒரு கோப்பிலிருந்து 1,00,000 எழுத்துக்குறிகளை மட்டுமே பிரித்தெடுப்பது 7ஆம் பதிப்பின் இயல்பு. 'கோ' என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 300 பக்க ஆய்வேட்டில் முதல் சில இயல்களோடு அந்த அளவு தீர்ந்துவிடும். ஆய்வு முடிவுகள் இருக்கும் கடைசி இயல் தேடலுக்கு எட்டாது. 'டெக்ஸ்ட்எக்ஸ்ட்ராக்டர்.மேக்ஸ்-சார்ஸ்' என்ற அளவையும், தேடலுக்கான டிஸ்கவரி கட்டமைப்பிலுள்ள முழுவுரை எழுத்து வரம்பையும் இரண்டையும் உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் உயர்த்தினால் மற்றது தடுத்துவிடும். பிறகு 'ஃபில்டர்-மீடியா'வைக் கட்டாய விருப்பத்துடன் இயக்கி, தேடல் இன்டெக்ஸைப் புதிதாக எழுப்புங்கள். டாம்கேட்டின் கனெக்டரில் யுஆர்ஐ குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வேடுகளின் நிலையான முகவரி எல்லாம் 123456789 என்ற எண்ணோடு தொடங்குகிறது. இது எங்கள் பல்கலைக்கழகத்தின் எண்ணா?

பதில்: இல்லை. அது மென்பொருளோடு வரும் மாதிரி எண். உலகெங்கும் பல களஞ்சியங்கள் அதை மாற்றாமல் விட்டிருக்கின்றன. ஆகவே அது யாருடைய ஆய்வேட்டையும் தனித்து அடையாளம் காட்டாது. ஆண்டுக்கு 50 டாலர் கட்டணத்தில் நிலையான முகவரிகளை வழங்கும் ஹேண்டில் அமைப்பிடம் உங்களுக்கென ஒரு முன்னொட்டைப் பெற்று, ஹேண்டில் சர்வருக்கான 2641, 8000 போர்ட்டுகளைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு 'அப்டேட்-ஹேண்டில்-பிரிஃபிக்ஸ்' கட்டளை பழைய பதிவுகளையும் மாற்றித் தரும். ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டத் தொடங்கும் முன்பே இதைச் செய்வது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

கேள்வி: அம்மா ஒருவர் எங்கள் நூலகத்தில் தினமும் தரவுத்தளக் காப்பு நகல் எடுக்கிறார். அது போதுமா? 6ஆம் பதிப்பிலிருந்து மேம்படுத்தவும் இருக்கிறோம்.

பதில்: போதாது. தரவுத்தளத்தில் தலைப்பும் ஆசிரியரும் உள்ளன. பிடிஎஃப்கள் 'அசெட்ஸ்டோர்' அடைவில் நீண்ட எண்களைப் பெயராகக் கொண்டு கிடக்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றது பயன்படாது. முதலில் தரவுத்தளத்தையும் அதன்பின் அசெட்ஸ்டோரையும் நகலெடுங்கள். இந்த வரிசையில் இடையில் ஏறிய கோப்பு உபரியாக இருக்கும், அவ்வளவே. மாற்றி எடுத்தால், தரவுத்தளம் சுட்டும் கோப்பு நகலில் இல்லாமல் போகும். நீக்கிய கோப்புகளை அழிக்கும் 'கிளீன்அப்' பணி அந்த நேரத்தில் ஓடாதபடி, பணிகளை நேரப்படி இயக்கும் கிரானில் தள்ளி வையுங்கள்.

பலரும் தவறவிடுவது சோலரின் புள்ளிவிவரப் பகுதி. தேடல் இன்டெக்ஸைத் தரவுத்தளத்திலிருந்து மீண்டும் எழுப்பலாம். எந்த ஆய்வேடு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்ற வரலாறு வேறெங்கும் இல்லை. அதைத் தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள். மேம்படுத்தும்போதும் பழைய பதிப்பிலேயே ஏற்றுமதி செய்து, புதியதில் இறக்கிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் 'பிஜிகிரிப்டோ' நீட்சி இயங்குகிறதா என்று பார்த்த பிறகே தரவுத்தளத்தை மாற்றத் தொடங்குங்கள்.

கேள்வி: தானியங்கி நிரல்கள் இடைவிடாது வந்து சர்வரை முடக்குகின்றன. எல்லாவற்றையும் தடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தேடுபொறிகளும் சேகரிப்பான்களும் வராவிட்டால் ஆய்வேடு யார் கண்ணிலும் படாது. சுமையைக் கூட்டுபவை தேடல் பக்கங்களும் அவற்றின் வடிகட்டிகளும். ஒவ்வொரு சேர்க்கையும் நிரலுக்கு ஒரு புதிய பக்கமாகத் தெரிகிறது. நிரல்கள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பாதைகளை மட்டும் மூடி, சைட்மேப்பைத் திறந்து வையுங்கள். ரோபாட்ஸை மதிக்காதவற்றை அப்பாச்சியின் பதிவேட்டில் கண்டு, ஐபி வரம்புவாரியாக ஃபயர்வாலில் நிறுத்துங்கள். முகப்பிலேயே நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்ற வரம்பும், நிரல்களுக்கென உருவாக்கிய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வசதியும் உண்டு. அந்தச் சேமிப்பின் ஆயுளை ஒரு நாளாக வைத்தால், ஒரே பக்கத்தை நோட் மீண்டும் மீண்டும் உருவாக்கும் வேலை குறையும். ஆனால் வரம்பை மிகவும் இறுக்காதீர்கள்: ஒரே வெளி ஐபி வழியாக வரும் ஒரு கல்லூரி விடுதியின் மாணவர்கள் அனைவரும் சர்வருக்கு ஒருவராகத்தான் தெரிவார்கள்.