டிராக்டரில் டீதாச்சர் மாட்டும் முன்: புல்தரை கேள்வி-பதில்

எங்கள் கல்யாண மண்டபத்து லானில் கால் வைத்தால் பொதுக்கென்று அமுங்குகிறது சார். தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. லான் டிராக்டர் இருக்கிறது, பின்னால் இழுத்துப்போய்ப் புல்லடி நாரைக் கம்பிப் பல்லால் வாரும் டீதாச்சர் வாங்கி மாட்டலாமா? (காட்பாடி)

வாங்கும் முன் ஒரு கத்தியை எடுங்கள். நாலு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புல்லை மண்ணோடு வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பச்சை, அடியில் மண். நடுவில் பழுப்பாக, பிய்த்தால் தேங்காய் நார் மாதிரி வருகிறதே, அதுதான் தாட்ச். அரை அங்குலம் வரை இருக்கலாம், நம்மூர் வெயிலுக்கு அது வேருக்கு நிழல். அதைத் தாண்டினால்தான் தொல்லை. காய்ந்த நாரில் தண்ணீர் ஒட்டாது. வேரும் மண்ணைத் தேடிப் போகாமல் நாரிலேயே தங்கிவிடும், கத்திரி வெயில் வந்ததும் கருகிவிடும்.

நார் மெல்லிசாக இருந்து அடியில் மண் இறுகிக் கிடந்தால் டீதாச்சரால் பயனில்லை. பந்தல் போட்டு, நாற்காலி இழுத்து, ஜனம் நடந்து மிதிபட்ட மண் அது. துளை போடும் ஏரேட்டர்தான் வேண்டும். மண்டபத்து லானில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருப்பதுண்டு.

எந்த மாதத்தில் ஓட்டலாம்? வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (குடியாத்தம்)

அந்த வீடியோக்களில் பாதி குளிர்நாட்டுப் புல்லுக்கானவை. நம்மிடம் இருக்கும் அருகம்புல், கொரியன் எல்லாம் வெப்பத்தில் வளர்பவை. கிழித்த இடம் மூடவேண்டுமானால் புல் வேகமாக வளரும் நேரமாக இருக்கவேண்டும். அக்னி நட்சத்திரம் முடிந்து, சாயங்கால மழை நாலைந்து விழுந்த பிறகு, ஆனி ஆடியில் ஓட்டுங்கள். மண்டபக்காரர்களுக்கு ஆடிதான் தோது, முகூர்த்தம் இல்லை. ஐப்பசி அடைமழையில் வேண்டாம், சேற்றில் புல்லே பெயர்ந்துவரும். மார்கழியிலும் வேண்டாம், வளர்ச்சி மந்தம். நட்டு ஒரு வருஷம்கூட ஆகாத லானை எந்த மாதத்திலும் தொடாதீர்கள்.

பல் நன்றாக அழுந்த டீதாச்சரின் மேல்தட்டில் எத்தனை கிலோ கல் வைக்கவேண்டும்? (ராணிப்பேட்டை, தொழிற்சாலைத் தோட்டப் பொறுப்பாளர்)

முதலில் கல்லே வைக்காதீர்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டையாகப் புல்லை வெட்டுங்கள். முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு, மண் ஈரமாக, ஆனால் சகதியாகாமல் இருக்கட்டும். ஸ்பிரிங்ளர் தலை இருக்குமிடமெல்லாம் குச்சி நடுங்கள், பல் மாட்டினால் குழாயோடு போய்விடும்.

பல் நுனி மண்ணை உரசினால் போதும், உழக்கூடாது. பத்தடி ஓட்டி நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். பழுப்பு நார் மட்டும் வந்தால் சரி. வேரோடு பச்சைக் கொடி நிறைய வந்தால் ஆழம் அதிகம், பல்லை உயர்த்துங்கள். ஒன்றுமே வராமல் வழுக்கினால்தான் கல். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

வேகம் ஆள் நடக்கிற அளவுக்குத்தான். திருப்பும்போது லிவரை இழுத்துப் பல்லைத் தூக்குங்கள். பல் தரையில் இருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பல் கம்பி வளைந்த டீதாச்சர்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

வந்த குப்பை மலையாகத் தெரியும், பயப்படவேண்டாம், வாரி மக்கவைக்கலாம். அப்புறம் சலித்த மணலும் மக்கிய எருவும் மெல்லிசாகத் தூவி, தண்ணீர் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் லான் பார்க்கச் சகிக்காது. முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொரியன் புல் மேடு மேடாக எழும்பிவிட்டது. டீதாச்சர் மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. (ஆற்காடு)

கொரியன் புல்லின் நார் கெட்டி, ஸ்பிரிங் பல்லுக்கு மசியாது. செங்குத்துக் கத்தி சுழலும் வெர்டிகட்டரை வாடகைக்கு எடுங்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் கிழிக்காதீர்கள். இந்த ஆடியில் பாதி ஆழம், மீதி அடுத்த வருஷம்.

வருஷா வருஷம் திரும்ப வருகிறதே? வெட்டிய புல்லை அள்ளாமல் விடுவதாலா? (வாணியம்பாடி)

அந்தத் தூளில் பெரும்பகுதி தண்ணீர், சீக்கிரம் மக்கிவிடும். தாட்ச் ஆவது தண்டும் கொடியும் வேரும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: மாதாமாதம் யூரியா, தினமும் காலையில் பத்து நிமிஷத் தண்ணீர். யூரியாவைப் பாதியாக்குங்கள். தண்ணீரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நாலைந்து அங்குலம் நனையும்படி விடுங்கள். போர் தண்ணீர் உப்பென்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆழமாக விட்டால் உப்பும் கீழே இறங்கும்.

ஏலகிரியில் சரிவான தோட்டம். டீதாச்சரை எப்படி ஓட்டுவது? (பெயர் வேண்டாம் என்றவர்)

மேலும் கீழுமாக மட்டும் ஓட்டுங்கள், குறுக்கே போகாதீர்கள். பனி ஈரம் காய்ந்தபிறகே ஏறுங்கள். இறங்கும்போது பின்பாரம் தள்ளும். செங்குத்தான இடத்தில் டிராக்டரே வேண்டாம், ஆள் வைத்து வாரச்சொல்லுங்கள்.

வீட்டு முன்னால் 10 அடிக்கு 20 அடி லான். சின்ன டிராக்டரும் டீதாச்சரும் என்ன விலை ஆகும்? (சத்துவாச்சாரி)

அந்த டிராக்டரைத் திருப்பவே உங்கள் லான் போதாது. இரும்புப் பல் வைத்த கைவாரி ஒன்று வாங்குங்கள், ஒரு காலையில் முடிந்துவிடும்.