ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓடினால் லாபமா நட்டமா?

கேள்வி (கல்முனை): எட்டுக் கோர் என்று சொல்லித்தான் கடையில் லேப்டாப் தந்தார்கள். டாஸ்க் மேனேஜரில் கோர் 4, லாஜிக்கல் புரொசசர் 8 என்று காட்டுகிறது. எது சரி அண்ணா?

பதில்: நாலு கோர்தான் தம்பி. கோர் என்பது சிப்பில் உண்மையாகவே வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அதற்குக் கொடுக்கும் ஒரு வேலை வரிசை. ஒவ்வொரு கோரும் இரண்டு த்ரெட்டை ஏற்பதால் தன்னை இரண்டாகக் காட்டுகிறது. இன்டெல் 2002இல் இதை ஹைப்பர் த்ரெடிங் என்று கொண்டுவந்தது. ஏஎம்டி இதே வசதியை 2017இல் தன் ரைசன் சிப்களில் சேர்த்தது. விலையை நாலு கோர் லேப்டாப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி (ஏறாவூர்): கோர் கூடவில்லை என்றால் வேகம் எப்படிக் கூடும்?

பதில்: விஷயமே இங்கேதான் இருக்கிறது. தேவையான தரவு முதல்நிலை கேஷில் (கோருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) இருந்தால் நாலைந்து சுழற்சியில் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) கைக்கு வரும். ராம் வரை போக வேண்டி வந்தால் 200 சுழற்சிக்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரமும் கோர் பெரும்பாலும் சும்மா நிற்கும். அந்த இடைவெளியில் மற்ற த்ரெட் ஓடிவிடும். டேட்டாபேஸ், வெப் சர்வர், கம்பைல் வேலைகளில் காத்திருப்பு அதிகம், அதனால் லாபமும் அதிகம். ஐபிஎம்மின் பவர்8 சிப்பில் ஒரு கோருக்கு 8 த்ரெட் கூட உண்டு.

கேள்வி (ஒலுவில், கெம்பஸ் மாணவி): என் அணிப்பெருக்கல் நிரல் 4 த்ரெட்டில் வேகமாகவும் 8இல் மெதுவாகவும் ஓடுகிறதே?

பதில்: நிரலை நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி, அதனால்தான் அப்படி! பெருக்கும் அலகுகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன, நிரப்ப இடைவெளி இல்லை. ரெஜிஸ்டர் (கணக்கில் இருக்கும் எண்ணை வைக்கும் இடம்) தொகுதிதான் த்ரெட்டுக்கு ஒன்று, பெருக்கும் அலகும் கேஷும் பொது. 32 கிலோபைட் கேஷுக்கு அளவாக அணியைத் துண்டு போட்டிருந்தால், இரண்டாவது த்ரெட் வந்ததும் ஒன்று கொண்டுவந்த தரவை மற்றது வெளியே தள்ளும். ஓபன்எம்பியில் (நிரலைப் பல த்ரெட்டாகப் பிரித்து ஓட்டும் வசதி) த்ரெட் எண்ணிக்கையை 4 என்று வையுங்கள். ஒவ்வொரு த்ரெட்டையும் தனிக் கோரில் பிணைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஒரே கோரில் விழலாம்.

கேள்வி (காத்தான்குடி): கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். மெஷின் கொதிக்கிறது. ஹைப்பர் த்ரெடிங்கைப் பயோஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்பு) நிறுத்திவிடவா?

பதில்: அவசரப்படாதீங்க நானா. ரெண்டரிங்குக்கு இது பெரும்பாலும் உதவும். முதலில் ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுங்கள். அப்புறம் ஒரே கிளிப்பை அதை நிறுத்தியும் நிறுத்தாமலும் எக்ஸ்போர்ட் செய்து நேரத்தைப் பாருங்கள். உங்கள் மெஷினில் வந்த கணக்கைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி (கல்லடி): ஹைப்பர் த்ரெடிங் பாதுகாப்புக்கு ஆபத்து என்கிறார்களே? இன்டெலும் எடுத்துவிட்டதாமே?

பதில்: கேஷ் பொது என்பதால் பக்கத்துத் த்ரெட்டின் தரவு கசிய வழி உண்டு. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2018இலேயே இதை இயல்பாக அணைத்து வைத்தது. முன்பின் தெரியாதவர்களின் நிரல்கள் ஓடும் சர்வர் என்றால் நிறுத்துவது நல்லது. வீட்டுக் கணினிக்கு அப்டேட் போதும். இன்டெல் 2024இல் லூனார் லேக், ஆரோ லேக் சிப்களில் எடுத்தது உண்மை. அவற்றில் கூடுதல் த்ரெட்களைத் தாங்கச் சிறு கோர்கள் இருக்கின்றன. அதே ஆண்டு வந்த ஏஎம்டியின் ஜென் 5இல் இது தொடர்கிறது.