படகுக்கு ஒட்டுப் போடுபவரிடம் காட்டுங்கள்

வணக்கம் சார். அப்பா 2001-ல் ஆசைப்பட்டு வாங்கிய சான் ஸ்டார்ம் கார் முத்தியால்பேட்டை வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஆறு வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை. பெயின்ட் நரம்பு நரம்பாக வெடித்திருக்கிறது. அப்பா போன ஆண்டு தவறிவிட்டார். ஒருவர் வந்து விலை கேட்டுப் போயிருக்கிறார். புதுசு மாதிரி ஆக்கி விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்கிறான் தம்பி. அம்மாவுக்கு விற்கவே மனமில்லை. என்ன செய்யலாம்?
(வாசகி, புதுச்சேரி)

வணக்கம்.

தம்பியின் கணக்கு தப்பு. விற்பதற்காகப் புதுப்பிக்காதீர்கள். கோவாவில் குறைந்த எண்ணிக்கையில் தயாரான வண்டி இது. தேடிவந்து வாங்குகிறவர் தன் விருப்பப்படி செய்துகொள்ளத்தான் வாங்குவார். நீங்கள் அடித்த பெயின்ட்டுக்குக் காசு தரமாட்டார், அசல் பாகம் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்ப்பார்.

வெடிப்பைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பாடி தகரம் இல்லை, ஃபைபர், அதாவது ரெசினில் தோய்த்த கண்ணாடி இழை. நம் உப்புக்காற்று அதை அரிக்காது. டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனால் சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை. பட்டியை அப்பி மூடிவிடுவார்கள், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எங்கே பார்த்தாலும் ஃபைபர் படகுதானே? தேங்காய்த்திட்டு துறைமுகம் பக்கம் படகுக்கு ஒட்டுப் போடுகிற ஆளைக் கூட்டிவந்து காட்டுங்கள். கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து ரெசின் பூசுவது அவருக்குத் தினப்படி வேலை. வழவழப்பாக முடிக்க அப்புறம் பெயின்டர் வரட்டும்.

பயப்பட வேண்டியது அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்துக்கு. வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால், கேட்டுப் போனவருக்கே இருக்கிறபடி கொடுத்துவிடுங்கள். கெட்டியாக இருந்தால் எஞ்சினைப் பார்க்கலாம். 1149 சிசி ரெனோ எஞ்சின். (பிரெஞ்சு எஞ்சினுக்குப் புதுச்சேரியில் உறவுக்காரர் கிடைக்காமலா போவார்!) பழைய பெட்ரோலை வடித்து, டைமிங் பெல்ட்டை மாற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பவேண்டும்.

வண்டியை முழுசாகக் கழற்ற மட்டும் விடாதீர்கள். கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அப்படித்தான் விட்டேன். இரண்டு வருடம் கழித்து நான்கு சாக்கு மூட்டையாக வந்து இறங்கியது. எந்த போல்ட் எதற்கு என்று கழற்றினவருக்கே தெரியவில்லை. கடைசியில் எடைக்குப் போட்டேன்.

விற்றாலும் வைத்துக்கொண்டாலும் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு ஃபாரம் 31. வண்டிக்குப் பதினைந்து வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய், தாமதத்துக்குத் தனி. வின்டேஜ் என்று பதியலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கவேண்டும்.

அம்மாவுக்கு மனமில்லை என்றீர்கள். உங்களில் யார் ஓட்டப்போகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. தம்பி ஓட்டமாட்டார் என்று தோன்றுகிறது. உங்களுக்கு ஓட்ட ஆசை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே சீட்தான், பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்துக் காலாப்பட்டு வரை போய்வரலாம். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள்.