அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வட்டத்தில்: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இருவர் உடன் படிப்பவனை அடித்து, அவனுடைய விலையில்லா சைக்கிளையும் உடைத்துவிட்டார்கள். டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள் பெற்றோர் சிலர். ‘சீரமைப்பு நீதி’ முறையில் வட்டமாக உட்கார வைத்துப் பேசலாம் என்கிறார் ஓர் ஆசிரியர். எப்படி நடத்துவது?
*தலைமையாசிரியர், பென்னாகரம் வட்டம்*

நடத்தலாம். தண்டிப்பதோடு நிற்காமல், பாதிப்பை ஏற்படுத்தியவரே அதைச் சரிசெய்ய வைப்பதுதான் சீரமைப்பு நீதி. ஆனால் வட்டத்தைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது.

முதலில், இது வட்டத்துக்குரிய விஷயம்தானா என்று பாருங்கள். பாலியல் சீண்டல் துளி கலந்திருந்தாலும் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும்; தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. சாதியைச் சொல்லித் திட்டியோ, கையில் கட்டிய கயிற்றின் நிறம் பார்த்தோ அடித்திருந்தால் அதையும் பள்ளிக்குள் முடித்துவிட நினைக்காதீர்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நடத்துபவரைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அந்தப் பையன்களைத் திட்டிய வகுப்பாசிரியரும், அடித்துப் பிரித்த பி.இ.டி. ஆசிரியரும் வேண்டாம். நடத்துபவர் முதலில் அடிபட்டவனைத் தனியாகச் சந்திக்க வேண்டும். என்ன நடந்தது, எதை இழந்தாய், இப்போது எதற்குப் பயப்படுகிறாய், உனக்கு என்ன வேண்டும், உன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும்? இவ்வளவுதான் கேள்வி. அவன் வர மாட்டேன் என்றால் வட்டம் கிடையாது. அவன் சொன்னதை எடுத்துக்கொண்டு வேறு வழி பாருங்கள்.

பிறகு அடித்த இருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். ‘நான் செய்யவே இல்லை’ என்று ஒருவன் சொன்னால் அவனை வட்டத்தில் சேர்க்கக் கூடாது. யார் செய்தது என்று கண்டுபிடிக்கும் இடம் அது இல்லை. செய்ததை ஒப்புக்கொண்டவர்கள் சரிசெய்யும் இடம். சண்டை நடந்த அன்றே கூட்டுவதும் தப்பு. இரண்டு மூன்று நாள் ஆறட்டும்.

மொத்தம் ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். நடுவில் மேசை வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. அடித்தவர்கள் முதலில் பேச வேண்டும்: என்ன செய்தேன், அப்போது என்ன நினைத்தேன், யாருக்கெல்லாம் பாதிப்பு. அடுத்து அடிபட்டவன், பிறகு அவன் வீட்டார், அதன்பின் அடித்தவர்களின் வீட்டார். கடைசியில் அடிபட்டவனிடம், ‘இதிலிருந்து உனக்கு என்ன கிடைக்க வேண்டும்?’ ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒப்பந்தத்தை எழுதுங்கள். ‘இனி ஒழுங்காக இருப்போம்’ என்ற வரி எதற்கும் உதவாது. எந்தக் கடையில் ரிம் மாற்றுவது, செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் தேதிக்குள், பஸ் ஸ்டாப்பில் அவனிடம் எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் சரிபார்க்கும் தேதிகளை அப்போதே குறித்துவிடுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அடிபட்டவன் மட்டும் உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

காலில் விழச் சொல்வது, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வைப்பது, கழிப்பறை கழுவச் சொல்வது மூன்றும் வேண்டாம். அவமானப்பட்டவன் அந்தக் கணக்கை வெளியில் தீர்க்கப் பார்ப்பான். அடிபட்டவனின் நெருங்கிய நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். பழிவாங்கும் சண்டையை ஆரம்பிப்பது அநேகமாக அவர்கள்தான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?
*வாசகர், ஓசூர்*

இன்றைய வடிவம் அங்கிருந்து வந்ததுதான். 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சிற்றூரில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கே போய்ப் பேசி நஷ்டத்தைக் கட்ட வைத்தார்கள். நியூசிலாந்து 1989-இல் சிறார் வழக்குகளுக்குக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அதில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி மக்களின் வழக்கத்துக்குப் பங்குண்டு. ‘நம் ஊர்ப் பஞ்சாயத்து இதைத்தானே செய்தது’ என்று பெருமைப்படுபவர்கள் அடுத்த கேள்வியையும் படிக்கட்டும்.

மாந்தோப்பு வரப்புத் தகராறில் கைகலப்பு. கேஸும் எதிர்கேஸும் இருக்கின்றன. இரண்டு தரப்பும் கோயிலுக்குத் தண்டம் கட்டிவிட்டு வாபஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரை விட்டு ஒதுக்கி வைப்போம் என்கிறார்கள் பெரியவர்கள். கட்டத்தான் வேண்டுமா?
*விவசாயி, காவேரிப்பட்டணம்*

வேண்டாம். கோயிலுக்குக் கட்டும் தண்டத்தால் அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுகூடத் திரும்பி வராது. ஒதுக்கி வைப்பதாக மிரட்டிப் பெறும் சம்மதம் சம்மதமே இல்லை. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம், அதை ஒழிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

ராஜியாகப் போக நேர்வழி உண்டு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 115(2) பிரிவில் வரும் சாதாரணக் காயத்தை அடிபட்டவரே சமாதானமாக முடித்துக்கொள்ளலாம்; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 359-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. எலும்பு முறிந்த கொடுங்காயம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மனு கொடுத்து, இரண்டு வழக்குகளையும் சேர்த்தே லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) கொண்டுபோங்கள். ஒன்றை முடித்து மற்றதை விட்டுவைத்தால் புகைச்சல் அடங்காது. சட்ட உதவி எண் 15100.

அதற்கு முன்னால் நிலத்தை அளந்துவிடுங்கள். சர்வேயர் வந்து எஃப்.எம்.பி. என்ற புல அளவு வரைபடத்தின்படி கல் நடாத வரைக்கும் எந்தச் சமாதானமும் அடுத்த மாங்காய் சீசன் வரைதான் தாங்கும். லோக் அதாலத் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே எல்லை அளவு, ஆஸ்பத்திரிச் செலவு, பணம் தரும் தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பி.சி.ஆர். கேஸ் (சாதி வன்கொடுமைப் புகார்) கொடுத்திருக்கிறோம். ‘ஊர் ஒற்றுமைக்காக’ வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். இதுவும் சீரமைப்பு நீதிதானா?
*வாசகி, அரூர்*

இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் ராஜியாகக்கூடிய பட்டியலில் இல்லை. நீங்களே விரும்பினாலும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து முடிக்க முடியாது. சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ வழக்கை ரத்து செய்வதுண்டு; அதுவும் அபூர்வம், மிரட்டல் இருந்ததா என்று பார்த்த பிறகே. வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டுவது தனிக் குற்றம். யார், எப்போது, என்ன சொன்னார் என்று தேதியோடு குறித்து, டி.எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

தண்டனையும் நிவாரணமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாராவது சொன்னால், உங்கள் பகுதியிலேயே இருக்கும் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியைச் சொல்லுங்கள். 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே செய்த கொடுமைக்கு 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது, பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும், வேலையோ சுயதொழிலோ தர வேண்டும் என்றது. சீரமைப்பு என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான். வந்து சேர முப்பது வருடம் ஆனதுதான் கொடுமை.

17 வயது மகன் ஒரு கடையில் செல்போன் திருடிவிட்டான். ஒப்புக்கொண்டான். எஃப்.ஐ.ஆர். போட்டால் எதிர்காலம் போய்விடுமா?
*தாய், பாலக்கோடு*

சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை. சிறார் நீதிச் சட்டத்தில் இது சிறு குற்றம். பெரியவர்கள் யாரும் கூட்டில்லை என்றால், 2016 மாதிரி விதிகளின் 8-ஆம் விதிப்படி எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். சேவை என்பது பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவுவது போன்றவை.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். போனைத் திருப்பிக் கொடுத்துக் கடைக்காரரிடம் ரசீது வாங்குங்கள். போன் சேதமாகியிருந்தால் பழுது பார்த்த பில்லையும், மகன் தன் கையால் எழுதிய கடிதத்தையும் குழுமத்தின் முன் வையுங்கள். கடிதத்தை நீங்கள் சொல்லி அவன் எழுதினால் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். கடைக்காரர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வேறொருவர் மூலம் பணம் சேர்ந்தால் போதும். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் போக மறக்காதீர்கள். வயதில் சந்தேகம் வந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.