திரும்பும்போது பின் டிஃபரன்ஷியலில் 'டக் டக்' சத்தம் ஏன் வருகிறது?

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டுக்கும் இழுவையைப் பகிரும் பல்சக்கரப் பெட்டி) உள்ள கார், மெதுவாக ஒடித்துத் திரும்பும்போது பின்னால் 'டக் டக்' என்று இடிக்கிறது. பெட்டியையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது ஆயிலைத்தான்.

திருப்பத்தில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும். பெட்டிக்குள்ளேயே கிளட்ச் தட்டுகள் (உராய்வுத் தட்டுகள்) கொண்ட வகையில், அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். உராய்வைச் சீராக்கும் சேர்மானம் ஆயிலில் வலுவிழந்திருந்தாலோ, ஆயில் மாற்றியவர் அதை ஊற்ற மறந்திருந்தாலோ (இது அடிக்கடி நடக்கும்), தட்டுகள் ஒட்டிக்கொண்டு, விடுபட்டு, மறுபடி ஒட்டும். அந்த இடி அதுதான்.

பழைய ஆயிலை வடிக்கும்போது அடைப்பானின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோலக் குழைந்திருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். சில்லு இல்லையென்றால், தயாரிப்பாளர் சொன்ன ஆயிலையும் சேர்மானத்தையும் ஊற்றி, காலி இடத்தில் மெதுவாகப் பத்து முறை எட்டு போடுங்கள். பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும்.

நேராகப் போகையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது ஒரே ஒரு 'டங்' கேட்டால் கதை வேறு: யுனிவர்சல் ஜாயின்ட் (பெட்டிக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டின் மூட்டு), பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ் ஆகியவற்றை ஆட்டிப் பாருங்கள்.

சோதிக்கிறேன் என்று ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரில் எஞ்சினை ஓட்டாதீர்கள். தரையிலுள்ள சக்கரமும் இழுக்கும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.