ஐ.பி.எஸ். தொல்லைக்கு அக்குபங்சர் பலன் தருமா?

நான்கு வருடமாக எனக்கு ஐ.பி.எஸ். (வயிற்றுவலியும் பேதியோ மலச்சிக்கலோ அடிக்கடி வரும் குடல் எரிச்சல் நோய்) இருக்கிறது. சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாய்லெட்டுக்கு ஓடுகிறேன். மாத்திரையை விட்டால் திரும்பிவிடுகிறது. அக்குபங்சர் செய்தால் நிரந்தரமாகக் குணமாகும் என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, ஈரோடு

போகலாம். ‘நிரந்தரக் குணம்’ என்ற வாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சரைச் சோதிக்க ஆய்வாளர்கள் ஒரு போலி ஊசி வைத்திருக்கிறார்கள். முனை மழுங்கியது; அழுத்தினால் கைப்பிடிக்குள்ளேயே போய்விடும். தோலில் சுருக்கென்று இருக்கும், உள்ளே இறங்காது. நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. 2012இல், மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. போலி ஊசியோடு ஒப்பிட்டவற்றில், நிஜ ஊசியால் ஐ.பி.எஸ். தொந்தரவு கூடுதலாகக் குறையவில்லை.

அப்படியானால் குணம் தெரிந்தது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 262 ஐ.பி.எஸ். நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். எந்த ஊசியும் வைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம். அதிகம் பேசாமல் போலி ஊசி மட்டும் வைத்தவர்களில் 44 சதவீதம். அதே போலி ஊசியோடு, ஆற அமர உட்கார்ந்து குறைகளைக் கேட்டு, பரிவோடு பேசியபோது 62 சதவீதம்!

குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவை. ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடல் நரம்புகள் சாதாரண வாயு அசைவைக்கூட வலியாக எடுத்துச் சொல்லும். மனம் அடங்கினால் அந்த வலி நிஜமாகவே தணிகிறது. ஊசி குத்திய புள்ளியைவிட, படுத்திருந்த அரை மணி நேரமும் அக்கறையான பேச்சும்தான் பெரிய பங்கு வகிக்கின்றன என்பது என் கணிப்பு. எனவே மாத்திரை, உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

எத்தனை முறை போக வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

வழக்கமாக வாரம் ஒருமுறை, 20 முதல் 30 நிமிடம், மொத்தம் 8 முதல் 10 முறை. வயிற்றுக்கோளாறுக்கு அதிகம் வைக்கும் இடங்கள் இரண்டு: தொப்புளின் இருபுறமும் உங்கள் கட்டைவிரல் அகலத்தில் இரண்டு மடங்கு தள்ளி ஒன்று, முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் இன்னொன்று. ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். குத்திய இடத்தில் கனமாக, மதமதப்பாக இருப்பது இயல்பு. மின்னல்போல் ‘சுரீர்’ என்று இழுத்தால் உடனே சொல்லுங்கள்.

உறை உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய ஊசி குப்பைக்குத்தான் போக வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் சிலருக்குத் தலைசுற்றி மயக்கம் வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறை வேண்டவே வேண்டாம்.

தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: வலிக்கு பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை முறை வெளிக்குப் போனீர்கள், மலம் இறுகலா, தண்ணியா. ஆறு முறை போன பிறகும் நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் மேலும் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் ஊர் ஹீலர் ஊசி போடுவதில்லை, நாடி பார்த்து விரலால் ஒரு புள்ளியைத் தொடுகிறார். எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார், டெஸ்ட் எதுவும் வேண்டாம் என்கிறார்.
– வாசகர், விருதுநகர்

தொடுவதால் கெடுதல் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் டெஸ்டைத் தடுப்பதும்தான் ஆபத்து. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் – இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஐ.பி.எஸ். என்று முடிவுகட்டக் கூடாது. இந்த வாரமே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள்.